பட்டதாரிகளில் மூன்றில் ஒருவருக்கு வேலை இல்லை: ஹட் பேயில் டிகிரி படிப்பது லாபமா, நஷ்டமா?

"அண்ணா, பிளஸ் டூ முடிச்சிட்டேன். டிகிரி படிக்கட்டுமா, இல்ல வேலைக்குப் போகட்டுமா?"

குடும்பத்தில் முதலில் மாதச் சம்பளம் வாங்கியவர் நீங்கள் என்றால், இந்தக் கேள்வி உங்கள் வாட்ஸ்அப்புக்கு ஒரு முறையாவது வந்திருக்கும். நாம் சொல்லும் பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான். "ஒரு டிகிரி கையில இருக்கட்டும். அப்புறம் பார்த்துக்கலாம்."

அந்த 'அப்புறம்' எவ்வளவு காலம்? அதுவரை யார் செலவு செய்வது? இதை நாம் கணக்குப் போட்டுச் சொல்வதில்லை. சென்னையிலோ பெங்களூருவிலோ உட்கார்ந்துகொண்டு பதில் சொல்லும்போது அது பெரிய விஷயமாகவும் தெரியாது. அதனால் இந்தக் கேள்வியை, கணக்கு தப்பினால் வலி அதிகமாக இருக்கும் ஓர் ஊரில் வைத்துப் பார்ப்போம். அந்த ஊர் ஹட் பே.

ஹட் பே எங்கே இருக்கிறது?

அந்தமான் தீவுகளின் தென்கோடியில் இருப்பது லிட்டில் அந்தமான். அதன் முக்கிய ஊர், துறைமுகம், சந்தை எல்லாமே ஹட் பேதான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தீவு முழுவதற்கும் சேர்த்து 19 ஆயிரம் பேருக்கும் குறைவு. வங்காளிகள், தமிழர்கள், தெலுங்கர்கள், நிகோபாரியர்கள் எனப் பலரும் கலந்து வாழும் இடம். ஓங்கே பழங்குடியினரின் தாயகமும் இதுதான். அந்தமான் நிகோபார் முழுவதையும் எடுத்துக்கொண்டால், தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 15 சதவீதம்.

2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரிலிருந்து ஹட் பே சுமார் 120 கி.மீ. தெற்கே இருக்கிறது. பெரும்பாலோர் வந்து போவது கப்பலில்தான். கடல் மோசமானால் அதுவும் இல்லை.

ஹட் பேயில் பள்ளிப் படிப்பை முடிக்கலாம். கலை, அறிவியல் டிகிரி என்றால் பழகிய வழி போர்ட் பிளேர்தான். அங்கே 1967-ல் தொடங்கப்பட்ட ஜவஹர்லால் நேரு ராஜ்கீய மகாவித்யாலயா இருக்கிறது. அதைவிடத் தள்ளி, வடக்கே மாயாபந்தரில் மகாத்மா காந்தி அரசுக் கல்லூரி. இவை நீண்ட காலம் புதுச்சேரி பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தவை. வசதி இருப்பவர்கள் சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோ போகிறார்கள்.

அதாவது, ஹட் பேயில் டிகிரி என்பது கல்லூரிக் கட்டணம் மட்டும் இல்லை. கப்பல் டிக்கெட், அறை வாடகை, சாப்பாடு எல்லாம் சேர்ந்ததுதான் டிகிரி.

33% என்ற எண் எங்கிருந்து வந்தது?

மத்திய புள்ளியியல் அமைச்சகம் நடத்தும் காலமுறை தொழிலாளர் கணக்கெடுப்புதான் (பிஎல்எஃப்எஸ்) இந்தியாவில் வேலைவாய்ப்பு பற்றிய முக்கியத் தரவு. 2022 ஜூலை முதல் 2023 ஜூன் வரையிலான அறிக்கையில், 15 வயதுக்கு மேற்பட்ட பட்டதாரிகளிடையே வேலையின்மை விகிதம் இப்படி இருந்தது:

• அகில இந்தியா: 13.4%
• சண்டிகர்: 5.6%
• டெல்லி: 5.7%
• ஆந்திரா: 24%
• லடாக்: 26.5%
• அந்தமான் நிகோபார்: 33%

நாட்டிலேயே முதலிடம் அந்தமானுக்கு.

இந்த எண்ணை வாசிக்கும்போது மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, இது 'எல்லாப் பட்டதாரிகளிலும் 33%' இல்லை. வேலை செய்பவர்கள், வேலை தேடுபவர்கள் ஆகிய இரு தரப்பையும் கூட்டி, அதில் தேடுபவர்கள் எத்தனை பேர் என்று பார்ப்பதுதான் வேலையின்மை விகிதம். மேற்படிப்பு படிப்பவரும், வீட்டு வேலைகளைப் பார்த்துக்கொண்டு வேலை தேடாமல் இருப்பவரும் இந்தக் கணக்கிலேயே வரமாட்டார்கள்.

இரண்டு, சிறிய யூனியன் பிரதேசங்களில் சர்வே எடுக்கும் வீடுகளின் எண்ணிக்கையும் குறைவு. அதனால் ஒரு வருடத்து எண் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். 33-ஐ '33.0' என்று எடுத்துக்கொள்ளாமல், 'சுமார் மூன்றில் ஒருவர்' என்று எடுத்துக்கொள்வது நல்லது.

மூன்று, ஹட் பேக்கென்று தனி எண் கிடையாது. அதோடு, இந்த சர்வே இந்தியா முழுவதும் நடக்கிறது, ஆனால் அந்தமான் நிகோபாரில் போய்ச்சேரக் கடினமான கிராமங்கள் மட்டும் விலக்கு என்று அறிக்கையிலேயே இருக்கிறது. எளிதில் போக முடியாத ஊர்களின் நிலைமை இந்த 33-க்குள் இல்லை.

படிக்காதவருக்கு வேலை இருக்கு, படித்தவருக்கு இல்லையா?

இந்தியத் தரவில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் இடம் இதுதான்.

சர்வதேச தொழிலாளர் அமைப்பும் மனித மேம்பாட்டு நிறுவனமும் சேர்ந்து 2024-ல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையின்படி, 2022-ல் 15 முதல் 29 வயதுக்குட்பட்ட பட்டதாரிகளிடையே வேலையின்மை 29.1%. எழுதப் படிக்கத் தெரியாத அதே வயதினரிடையே 3.4%தான்.

இதைப் பார்த்ததும் சோஷியல் மீடியாவில் வரும் முடிவு: "பார்த்தீங்களா, படிக்காதவனுக்கு வேலை இருக்கு!"

அப்படி இல்லை. இந்தக் கணக்கெடுப்பில் 'வேலை' என்ற சொல்லின் எல்லை மிகப் பெரியது. அப்பாவின் மீன்பிடிப் படகில் சம்பளம் இல்லாமல் உதவி செய்யும் பையனும் வேலையில் இருப்பவர்தான். பாக்குத் தோட்டத்தில் காய் பொறுக்குபவரும், வாரத்தில் சில நாள் கூலிக்குப் போகிறவரும் அப்படித்தான். வருடத்தில் 30 நாள் துணை வேலை செய்திருந்தால்கூட வழக்கமான நிலைக் கணக்கில் அவர் வேலையில் இருப்பவராகவே வருவார். சம்பளம் எவ்வளவு, வேலை நிலைக்குமா என்பதை வேலையின்மை விகிதம் கேட்பதில்லை.

கையில் பணம் இல்லாதவரால் வேலை இல்லாமல் இருக்க முடியாது. கிடைத்ததைச் செய்வார். சும்மா இருந்து தேடுவதற்கு, பின்னால் சோறு போட ஒரு வீடு வேண்டும். ஆகவே பட்டதாரிகளின் உயர்ந்த வேலையின்மை விகிதம் இரண்டு விஷயங்களைச் சேர்த்துச் சொல்கிறது. படிப்புக்கு ஏற்ற வேலை குறைவு என்பது ஒன்று. அந்த வேலைக்காகக் காத்திருக்க அவர்கள் வீடுகளால் கொஞ்ச காலமாவது முடிகிறது என்பது மற்றொன்று.

அந்தமானில் மட்டும் ஏன் இவ்வளவு அதிகம்?

தீவுக்கூட்டத்தின் நிலத்தில் 80 சதவீதத்துக்கும் மேல் காடு. பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட பகுதிகள் தனி. பெரிய தொழிற்சாலை வர வாய்ப்பு குறைவு. வரக்கூடாது என்பதற்கும் நியாயமான காரணங்கள் உண்டு. மீதி இருப்பது மீன்பிடி, தென்னை, பாக்கு, கடை, கட்டுமானம், சுற்றுலா. சுற்றுலாவும் பெரும்பாலும் போர்ட் பிளேர், ஹேவ்லாக் பக்கம்தான். பட்லர் பே கடற்கரையும் அருவிகளும் இருந்தாலும் ஹட் பே வரை வருபவர்கள் குறைவு.

அப்போ டிகிரிக்கு ஏற்ற வேலை யாரிடம் இருக்கு? அரசிடம். பள்ளி, மருத்துவமனை, மின்துறை, பொதுப்பணித்துறை, வனத்துறை, துறைமுகம், காவல். ஒரு பதவி காலியானால் பல வருடப் பட்டதாரிகள் ஒரே நேரத்தில் விண்ணப்பிக்கிறார்கள்.

அரசு நிறுவனம் என்றாலும் நிரந்தரம் இல்லை என்பதை லிட்டில் அந்தமான் நேரில் பார்த்திருக்கிறது. 1977-ல் தொடங்கப்பட்ட அந்தமான் நிகோபார் வனம் மற்றும் தோட்ட மேம்பாட்டுக் கழகம் இங்கே சுமார் 1,600 ஹெக்டேரில் எண்ணெய்ப் பனைத் தோட்டம் நடத்தியது. பெரிய படிப்பு இல்லாதவர்களுக்கும் அது மாதச் சம்பளம் கொடுத்தது. மரம் வெட்டுவதையும் தோட்ட விரிவாக்கத்தையும் கட்டுப்படுத்திய 2002 உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு கழகம் நஷ்டத்தில் தள்ளாடியது. 2017 ஆகஸ்டில் அதை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அப்போது கழகம் முழுவதிலும் 836 ஊழியர்கள் இருந்தார்கள். விருப்ப ஓய்வு அல்லது ஆட்குறைப்பு என்பதுதான் அவர்கள் முன் வைக்கப்பட்டது.

சம்பளம் நின்றுபோன அப்படியொரு வீட்டில் பிள்ளைக்குச் சொல்லும் பாடம் என்னவாக இருக்கும்? "நல்லாப் படி, கவர்ன்மென்ட் வேலைக்குப் போ." அது பேராசை இல்லை. கண் முன்னால் இருக்கும் ஒரே உறுதியான கதவு அதுதான்.

இது அந்தமானுக்கு மட்டுமே உரிய கதையும் இல்லை. தமிழ்நாட்டில் 2024 குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். பின்னர் இடங்கள் உயர்த்தப்பட்டன என்றாலும், அறிவிப்பின்போது ஓர் இடத்துக்கு 320 பேருக்கு மேல் வரிசையில் நின்றார்கள். அந்தத் தேர்வின் அடிப்படைத் தகுதி பத்தாம் வகுப்புதான். எழுதியவர்களில் பட்டதாரிகள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று உங்கள் நண்பர்கள் வட்டத்தைப் பார்த்தாலே தெரியும்.

பிரிட்டிஷ் சமூகவியலாளர் ரொனால்ட் டோர் இதை 1976-லேயே 'டிப்ளமா நோய்' என்று அழைத்து ஒரு புத்தகம் எழுதினார். அவர் எடுத்துக்கொண்ட நாடுகளில் இலங்கையும் ஒன்று. வேலை அதேதான், விண்ணப்பிப்பவர்கள் கூடக் கூட, கேட்கப்படும் சான்றிதழ் மட்டும் மேலே ஏறிக்கொண்டே போகும். வேலை செய்யத் தேவையான அறிவு ஏறாமலேயே தகுதி ஏறும். பத்தாவது படித்தவர் செய்யக்கூடிய வேலைக்கு டிகிரி முடித்தவர் போட்டியிட்டால், பத்தாவது மட்டும் படித்தவர் எங்கே போவார்? அவரும் டிகிரி படிக்க வேண்டிய கட்டாயம் வருகிறது.

அப்போ டிகிரி வேஸ்ட்டா?

அவசரப்படாதீங்க. இதே தரவை வயது வாரியாகப் பிரித்தால் வேறு கதை தெரிகிறது.

அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தின் 'ஸ்டேட் ஆஃப் வொர்க்கிங் இந்தியா 2023' அறிக்கை 2021-22 தரவை வைத்துச் சொன்னது இது:

• 25 வயதுக்குட்பட்ட பட்டதாரிகள்: 42.3% பேருக்கு வேலை இல்லை
• 25 முதல் 29 வயது: 22.8%
• 30 முதல் 34 வயது: 9.8%
• 35 முதல் 39 வயது: 4.5%
• 40 வயதுக்கு மேல்: 1.6%

வயது கூடக் கூட விகிதம் சரிகிறது. கடைசியில் பெரும்பாலான பட்டதாரிகள் ஏதோ ஒரு வேலையில் சேர்ந்துவிடுகிறார்கள். அது அவர்கள் ஆசைப்பட்ட வேலையா, படிப்புக்கு ஏற்றதா என்பதை இந்த எண் சொல்லாது. சிலர் தேடுவதையே நிறுத்தியிருக்கவும் கூடும். ஆனால் 'டிகிரி படித்தால் வாழ்நாள் முழுக்க வேலை இல்லை' என்பது உண்மை இல்லை என்று மட்டும் தெரிகிறது.

சம்பளத்தைப் பார்த்தாலும் படிப்புக்கு மதிப்பு உண்டு. பொருளாதார நிபுணர்கள் ஜார்ஜ் சகரோபுலோஸ், ஹாரி பட்ரினோஸ் இருவரும் பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2018-ல் சொன்ன சராசரி: கூடுதலாகப் படிக்கும் ஒவ்வொரு வருடமும் வருமானத்தைச் சுமார் 9 சதவீதம் உயர்த்துகிறது. சராசரி என்பதை மறக்கக் கூடாது. எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி, எந்த ஊர் என்பதைப் பொறுத்து அது இரட்டிப்பாகவும் ஆகலாம், பூஜ்யத்துக்குப் பக்கத்திலும் போகலாம்.

ஆக, பிரச்சினை டிகிரிக்கு மதிப்பு இருக்கிறதா என்பதில் மட்டும் இல்லை. அந்த மதிப்பு கைக்கு வர எத்தனை வருடம் ஆகும் என்பதிலும் இருக்கிறது. 21 வயதில் டிகிரி முடித்து 29 வயதில் வேலை கிடைத்தால், நடுவில் இருக்கும் எட்டு வருடத்துக்கு யாரோ ஒருவர் பில் கட்டியிருக்கிறார்.

காத்திருப்பின் விலை: ஒரு சின்ன கணக்கு

ஹட் பேயில் பிளஸ் டூ முடித்த 18 வயதுப் பெண் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கீழே உள்ள தொகைகள் கணக்கைப் புரியவைக்க நான் போட்டவை. உங்கள் வீட்டு எண்களை வைத்து நீங்களே மாற்றிப் போடலாம்.

டிகிரிக்குப் போகாமல் வேலைக்குப் போனால் மாதம் ரூ.12,000 என்று வைப்போம். மூன்று வருடத்தில் அது ரூ.4.32 லட்சம். போர்ட் பிளேரில் தங்கிப் படிக்க மாதம் கூடுதலாக ரூ.6,000 என்றால் மூன்று வருடத்தில் ரூ.2.16 லட்சம். இரண்டையும் சேர்த்தால் டிகிரியின் உண்மையான விலை ரூ.6.48 லட்சம். கல்லூரி ரசீதில் இந்தத் தொகை இருக்காது.

21 வயதில் பட்டதாரிக்கு மாதம் ரூ.20,000 கிடைக்கிறது. டிகிரி இல்லாதவர் அதற்குள் ரூ.14,000 வாங்குகிறார். வித்தியாசம் மாதம் ரூ.6,000, வருடம் ரூ.72,000. இருவரின் சம்பளமும் ஒரே அளவில் ஏறும் என்று எளிமையாக எடுத்துக்கொள்வோம்.

• டிகிரி முடித்த உடனே வேலை கிடைத்தால்: போட்ட முதல் திரும்ப 9 வருடம். வயது 30.
• 2 வருடம் காத்திருந்தால்: இழந்த சம்பளம் இன்னும் ரூ.3.36 லட்சம். முதல் திரும்பும் வயது கிட்டத்தட்ட 37.
• 4 வருடம் காத்திருந்தால்: அந்த வயது 43.

அதாவது, காத்திருக்கும் ஒவ்வொரு வருடமும் போட்ட முதல் திரும்பும் நாளை மூன்று வருடத்துக்கும் மேல் தள்ளிப் போடுகிறது. டிகிரியை லாபமாகவோ நஷ்டமாகவோ மாற்றுவது கட்டணத்தைவிட, இந்தக் காத்திருப்புதான்.

அப்பா அரசு ஊழியராக இருக்கும் வீட்டில் நான்கு வருடக் காத்திருப்பு ஒரு மனக்கஷ்டம். தினக்கூலி வீட்டில் அது கடன். ஒரே டிகிரி, ஒரே மதிப்பெண், ஒரே கல்லூரி என்றாலும் இரண்டு வீட்டுக்கும் அதன் விலை ஒன்றல்ல. நாம் "ஒரு டிகிரி கையில இருக்கட்டும்" என்று சொல்லும்போது பெரும்பாலும் முதல் வீட்டை மனதில் வைத்துத்தான் சொல்கிறோம்.

பணத்தில் அளக்க முடியாத லாபங்களும் உண்டு என்பது உண்மை. தீவை விட்டு வெளியே போய் நான்கு பேரைப் பார்ப்பது, பெண்களுக்குக் கல்யாணப் பேச்சு தள்ளிப்போவது, பேங்கிலோ அரசு அலுவலகத்திலோ தயங்காமல் பேச வருவது. இதெல்லாம் பிஎல்எஃப்எஸ்ஸில் வராது. முடிவெடுக்கும்போது வீட்டில் இதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

கம்பெனிகள் டிகிரி கேட்பதையே விட்டுட்டாங்களாமே?

லிங்க்ட்இன்னில் அடிக்கடி பார்க்கும் வரி இது. கொஞ்சம் உண்மை, நிறைய விளம்பரம்.

நிறுவனங்கள் ஏன் டிகிரி கேட்கின்றன என்பதற்குப் பொருளாதாரத்தில் இரண்டு பிரபல விளக்கங்கள் உண்டு. படிப்பு திறமையை வளர்க்கிறது, அதற்குத்தான் சம்பளம் என்றது கேரி பெக்கரின் 'மனித மூலதன'க் கோட்பாடு. 1973-ல் மைக்கேல் ஸ்பென்ஸ் வேறொன்றைச் சொன்னார். விண்ணப்பிப்பவரின் திறமை முதலாளிக்கு நேரடியாகத் தெரியாது. கஷ்டப்பட்டு ஒரு படிப்பை முடித்திருக்கிறார் என்பதை ஓர் அடையாளமாக எடுத்துக்கொள்கிறார். அதாவது டிகிரி ஒரு சிக்னல். இருவருக்குமே பின்னாளில் நோபல் பரிசு கிடைத்தது. நடைமுறையில் இரண்டும் கலந்தே நடக்கிறது.

சிக்னல்தான் என்றால், வேறு சிக்னல் வந்தால் போதாதா? ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலும் பர்னிங் கிளாஸ் நிறுவனமும் 2024-ல் அமெரிக்காவில் இதை ஆராய்ந்தன. டிகிரி தேவையில்லை என்று விளம்பரத்தில் மாற்றிய நிறுவனங்கள் நிறைய. ஆனால் அந்த மாற்றத்தால் உண்மையில் வேலை பெற்றவர்கள், புதிதாகச் சேர்க்கப்பட்ட 700 பேரில் ஒருவருக்கும் குறைவு.

நம் பக்கத்திலும் நல்ல உதாரணங்கள் இருக்கின்றன. பள்ளி முடித்தவர்களை எடுத்து, உதவித்தொகை கொடுத்துப் பயிற்சி தந்து வேலைக்குச் சேர்க்கும் ஜோஹோ ஸ்கூல்ஸ், பிளஸ் டூ முடித்தவர்களுக்கான ஹெச்சிஎல் டெக்பீ போன்றவை. சேர முடிந்தால் நல்ல வழி. ஆனால் எண்ணிக்கையில் இவை சிறிய கதவுகள். ஒரு தலைமுறை முழுவதும் இந்த வழியாகப் போய்விட முடியாது.

எந்த வேலைக்கு எந்தச் சான்றிதழ்?

'டிகிரி வேணுமா, வேண்டாமா' என்று மொத்தமாகக் கேட்பதைவிட, என்ன வேலை என்று முதலில் கேட்பது உதவும். வேலைகளை நான்காகப் பிரிக்கலாம்.

1. சட்டப்படியே படிப்பு கட்டாயமானவை: டாக்டர், வக்கீல், பள்ளி ஆசிரியர், நர்ஸ். இங்கே விவாதமே இல்லை. நர்ஸிங்கில் நான்கு வருட பி.எஸ்சி. தவிர மூன்று வருட ஜிஎன்எம் டிப்ளமாவும் உண்டு.

2. டிகிரி நுழைவுச் சீட்டாக மட்டும் இருப்பவை: யுபிஎஸ்சி, எஸ்எஸ்சி சிஜிஎல், வங்கி அதிகாரித் தேர்வுகள். எந்த டிகிரி என்றாலும் சரி. இதற்காக மட்டும் படிக்கிறீர்கள் என்றால், செலவு குறைவான டிகிரியே போதும்.

3. டிகிரி கேட்காத அரசு வேலைகள்: எஸ்எஸ்சி சிஹெச்எஸ்எல் தேர்வுக்கு பிளஸ் டூ போதும். எம்டிஎஸ், ஜிடி கான்ஸ்டபிள் தேர்வுகளுக்குப் பத்தாம் வகுப்பு. டிகிரி முடித்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்பதில்லை. 18 வயதிலேயே எழுத ஆரம்பிக்கலாம்.

4. கைத்திறன் வேலைகள்: ஐடிஐ எலக்ட்ரீஷியன் படிப்பு இரண்டு வருடம். கப்பலில் ஜிபி ரேட்டிங்காகச் சேரப் பத்தாம் வகுப்புக்குப் பின் ஆறு மாதப் பயிற்சி. கப்பலைப் பார்த்தே வளரும் ஹட் பே பிள்ளைகளுக்குக் கடைசியாகச் சொன்னது நெருக்கமானது. ஆனால் இந்தத் துறையில் போலி ஏஜென்டுகள் நிறைய. பணம் கட்டுவதற்கு முன், பயிற்சி நிலையம் கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

கேபிள் வந்த பிறகு என்ன மாறியது?

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னை - அந்தமான் நிகோபார் கடலடி கண்ணாடியிழை கேபிள் தொடங்கிவைக்கப்பட்டது. சுமார் 2,300 கி.மீ. நீளம், செலவு ரூ.1,224 கோடி. போர்ட் பிளேரோடு அது எட்டிய தீவுகளில் லிட்டில் அந்தமானும் ஒன்று. அதற்கு முன் தீவுகள் செயற்கைக்கோள் இணைப்பை நம்பியிருந்தன. ஒரு பிடிஎஃப் இறக்குவதே பெரிய வேலையாக இருந்த இடத்தில், ஆன்லைன் வகுப்பு என்பது இப்போது யோசித்துப் பார்க்கக்கூடிய விஷயமாகியிருக்கிறது.

இரண்டு வருடம் கழித்து, 2022 செப்டம்பரில் யுஜிசி ஒரு விஷயத்தைத் தெளிவாக்கியது. அங்கீகாரம் பெற்ற தொலைதூர, ஆன்லைன் டிகிரிகள் நேரடி வகுப்பு டிகிரிக்குச் சமமாகக் கருதப்படும். 1985-ல் தொடங்கிய இக்னோவின் பிராந்திய மையம் போர்ட் பிளேரில் இருக்கிறது. பொறியியல், மருத்துவம், நர்ஸிங், சட்டம் போன்றவற்றை இப்படிப் படிக்க முடியாது. ஆனால் பி.ஏ., பி.காம். முடியும்.

பழைய கணக்கை இப்போது மறுபடி போடுவோம். வேலை பார்த்துக்கொண்டே தொலைதூரத்தில் படித்தால், இழக்கும் சம்பளம் இல்லை. கட்டணம், புத்தகம், பயணம் எல்லாம் சேர்த்து மூன்று வருடத்துக்கு ரூ.40,000 என்று வைப்போம். இந்த டிகிரிக்குச் சந்தை மதிப்பு குறைவு என்றே எடுத்துக்கொண்டு, சம்பள உயர்வைப் பாதியாக, ரூ.3,000 என்று போடலாம். போட்ட பணம் 14 மாதத்துக்குள் திரும்பிவிடும். காத்திருப்பும் இல்லை, மாதச் சம்பளம் வந்துகொண்டே இருக்கிறது.

இதில் குறை இல்லாமல் இல்லை. வேலை பார்த்துக்கொண்டு படிப்பது கடினம், பாதியில் விடுபவர்கள் அதிகம். கல்லூரியில் கிடைக்கும் நண்பர்களும் வெளியுலகப் பழக்கமும் இதில் கிடைக்காது. வேதியியல் லேப் வீட்டுக்கு வராது. ஆனாலும், அரசுத் தேர்வுக்கு நுழைவுச் சீட்டுதான் வேண்டும் என்பவருக்கு, தினக்கூலி வீட்டுப் பிள்ளைக்கு, இது இரண்டாம் தர வழி இல்லை. அவருடைய கணக்கில் இதுதான் முதல் வழி.

சரி, தம்பிக்கு என்ன பதில் சொல்வது?

முதலில் கேட்டுவிடுங்கள்: "என்ன வேலைக்குப் போகணும்னு நினைக்கிற?" மேலே உள்ள நான்கில் அது எதில் வருகிறது என்று பாருங்கள். முதல் வகை என்றால் படிக்கட்டும். இரண்டாவது என்றால் செலவு குறைந்த டிகிரியை எடுக்கட்டும். மூன்றாவது, நான்காவது என்றால் டிகிரிக்காக மற்றதைத் தள்ளிப்போட வேண்டாம்.

அடுத்து, காத்திருப்புக்கு ஒரு தேதி போடச் சொல்லுங்கள். அரசுத் தேர்வு எழுதுவதில் தப்பே இல்லை. ஆனால் 'கிடைக்கும் வரை' என்பது திட்டம் ஆகாது. இத்தனை முறை, இந்த வயது வரை, அதற்குள் இல்லையென்றால் அடுத்து என்ன என்பதை முதல் தேர்வு எழுதும் முன்பே வீட்டில் பேசி முடிவு செய்வது நல்லது. காத்திருக்கும்போதே ஒரு சம்பளம் வந்தால், அது பகுதி நேரமாக இருந்தாலும் சரி, மேலே போட்ட கணக்கு பெரிதும் மாறும்.

கடைசியாக, உங்களுக்கு ஒன்று. குடும்பத்தில் சம்பாதிப்பவர்கள் வழக்கமாக உதவுவது ஃபீஸுக்குத்தான். கல்லூரி சேரும்போது கொடுப்போம், டிகிரி முடிந்ததும் "இனி நீ பார்த்துக்கோ" என்போம். தரவு சொல்வதோ, 25 வயதுக்குட்பட்ட பட்டதாரிகளில் வேலை தேடியும் கிடைக்காதவர்கள் 42 சதவீதம். பணம் மிக அதிகமாகத் தேவைப்படுவது டிகிரி முடிந்த அடுத்த வருடத்தில். சென்னைக்கு வந்து தேட ஆறு மாத வாடகை, இன்டர்வியூவுக்குப் போக டிக்கெட், ஒரு பழைய லேப்டாப், காலியாக இருக்கும் உங்கள் ஹாலில் ஒரு பாய்.

ஹட் பேயிலிருந்து கப்பல் ஏறி வரும் ஒரு பட்டதாரிக்கும், சென்னையில் அப்பா வீட்டிலிருந்தே தேடும் ஒரு பட்டதாரிக்கும் டிகிரியில் வித்தியாசம் இல்லாமல் இருக்கலாம். எத்தனை மாதம் தாக்குப்பிடிக்க முடியும் என்பதில் இருக்கிறது. அடுத்த முறை "அண்ணா, டிகிரி படிக்கட்டுமா?" என்று மெசேஜ் வந்தால், "படி" என்று டைப் பண்ணுவதற்கு முன் அந்த மாதங்களை எண்ணிப் பாருங்கள். அதில் எத்தனை மாதத்தை நீங்கள் ஏற்க முடியும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.